சாமிக்கு விட்ட செடிகள்

எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரியோடு நிறுத்திவிடுவேன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வேன். அப்படிப்பட்டவள் பேனா எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கண்ணால் பார்த்த ஒரு காலை நேரத்தை மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் அக்காவைக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்றாவது வருடத்தில் அவள் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. கணவர் பங்குக்கு வந்த, எங்கள் பக்கத்தில் கொல்லை என்கிற மேட்டு நிலம் இரண்டு ஏக்கரும் கிணற்றில் பாதியும் மட்டும் இருந்தன. அக்கா திருவண்ணாமலைக்குத் திரும்பி வர மறுத்துவிட்டாள். அப்பா தேரடித் தெருவுக்குப் பின்னால் ஓர் அறை வீட்டில் எங்களை வளர்த்தவர். அந்த அறையில் இப்போது அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். திரும்பி வந்தால் அவள் எங்கே படுப்பாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று என்னை அவளோடு அனுப்பினார்கள்.

அவள் கணவரின் அண்ணனை ஊரில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் வீட்டில்தான் நாங்களும் இருந்தோம். சுற்றியிருந்த நிலமெல்லாம் அவருடையது. நடுவில் இந்த இரண்டு ஏக்கர் ஒரு பெண் கையில் இருப்பது அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி மாதிரி. அக்கா இரண்டு வருடம் வேர்க்கடலை போட்டாள். இரண்டு வருடமும் சரியாக வரவில்லை. மூன்றாவது வருடம் ஒரு விதைக் கம்பெனி ஆள் வந்து, வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு விதை எடுத்துக் கொடுக்க யாராவது சம்மதிப்பார்களா என்று கேட்டார். பூக்கிற சமயத்தில் விதைச் சான்று ஆபீசர் வந்து பார்த்துத் தேறியதாக எழுதினால்தான் கம்பெனி வாங்கும். அக்கா சம்மதித்தாள். அன்று மாலை சாப்பிட உட்கார்ந்த பெரியவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இதான் கடைசி. ஆபீசர் வந்து பாத்து விதை தேறிச்சினு எழுதினா கொல்லை உன் கையிலயே இருக்கட்டும், நான் வாய் தொறக்க மாட்டேன். தேறலைனா பேசாம உங்க அப்பா வூட்டுக்குப் போயிடு. சரியா?"

"சரிங்க மாமா" என்றாள் அக்கா. அவர் கேட்பதற்கு முன்பே பதிலை வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

இந்த விதை வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சோளம் மாதிரி விதைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இரண்டு ரகம் கொடுப்பார்கள். ஒன்று தாய், ஒன்று தந்தை. நாலு வரிசை தாய்ச் செடி, இரண்டு வரிசை தந்தைச் செடி, மறுபடி நாலு, இரண்டு என்று கொல்லை முழுக்கப் போக வேண்டும். ஓரத்தைச் சுற்றியும் தந்தை வரிசைதான். மக்காச்சோளச் செடி ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. உச்சியில் குஞ்சம் மாதிரி வருவது ஆண் பூ. இடுப்பில் பட்டு நூல் விட்டுக்கொண்டு வருவது கதிர். தாய் வரிசையில் இருக்கிற செடிகளுக்குக் குஞ்சம் வெளியே தலைகாட்டியதும், மாவு, அதாவது மகரந்தம், கொட்டுவதற்கு முன்பே, அதைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போதுதான் தந்தை வரிசையின் மாவு மட்டும் தாயின் பட்டில் விழும். தாய்ச் செடியின் மாவே தாயின் பட்டில் விழுந்தால் அது ஒட்டு விதை இல்லை, வெறும் சோளம்.

எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே நாளில் பூக்க வேண்டும். கொஞ்சம் உயரமாகவோ தண்டு சிவந்தோ ஒன்று நின்றால் அதைக் கலவன் என்று வேரோடு பிடுங்கிவிடுவார்கள். பெரியவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "கொல்லையில கலவன புடுங்கறீங்க, வூட்ல இருக்கறத யாரு புடுங்கறது?" என்று சிரித்தார். அக்கா அடுத்த வரிசைக்குள் இறங்கினாள்.

பொங்கல் கழித்து விதைத்தோம். பங்குனியில் குஞ்சம் வந்தது. ஒருநாள் பிடுங்கினால் தீர்கிற வேலை இல்லை அது. தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு வரிசையாக நடந்து, புதிதாக வந்ததையெல்லாம் பிடுங்க வேண்டும். இரண்டு வாரம் ஒருநாள்கூட விடக்கூடாது. பக்கத்து ஊரிலிருந்து எட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவருகிறவளை மேஸ்திரியம்மா என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டிய உடம்பு, பெரிய குரல். இலை கையைக் கிழிக்கும், வெயில் தலையைச் சுடும் என்று எல்லோரும் தலையிலும் கையிலும் துணி சுற்றிக்கொண்டு வரிசைக்குள் இறங்குவார்கள். செடி ஆளை மறைக்கும். பேச்சு மட்டும் வெளியே கேட்கும்.

"ஆம்பளைய பாத்துப் பாத்து புடுங்கறோம். இந்த மாதிரி ஒரு வேலை எங்க கெடைக்கும்?"

"எங்க வூட்லயும் ஒண்ணு நிக்குது. சாயங்காலம் வந்து புடுங்கிக்கினு போடி."

"அது காஞ்ச குஞ்சம். மாவே கொட்டாது. அங்கயே கெடக்கட்டும் வுடு."

வரிசைக்கு வரிசை சிரிப்பு ஓடும். எனக்கு வெட்கத்தில் காது சூடாகும். மேஸ்திரியம்மா, "அந்தப் பொண்ணு இருக்குது, வாய அடக்குங்கடி" என்று அதட்டிவிட்டு அவளே இன்னொன்றைச் சொல்வாள்.

அக்கா கிணற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். எனக்கு நடு வரிசைகள். மேஸ்திரியம்மாவுக்கு வடகிழக்குக் கோடி. திருவண்ணாமலை மலைக்கு நேர் எதிர் மூலை அது. அங்கே நின்று திரும்பினால் கொல்லை முழுவதும் தெரியும், அதற்கு அப்பால் மலை. குஞ்சம் பிடுங்கத் தொடங்கிய பிறகு அக்காவும் நானும் அந்த மூலைக்குப் போனதே இல்லை. போக வேண்டிய வேலையும் இருக்கவில்லை.

வேலை தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று காலை மடை மாற்ற மண்வெட்டியோடு நான் அந்த மூலைக்குப் போனேன். தந்தை வரிசைக்கு உள்ளே, தாய் வரிசையின் இலைகளில் மஞ்சள் பொடி படிந்திருந்தது. தந்தை வரிசை பக்கத்தில் இருப்பதால் அப்படி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். தாய் வரிசையில் ஏழெட்டுச் செடிகள் முழுக் குஞ்சத்தோடு நின்றன. ஓர வரிசைக் குஞ்சங்களோடு குஞ்சமாக அவை கலந்து நின்றதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு செடியைத் தொட்டேன். தோளில் மாவு கொட்டியது. செடிகளின் அடியில் மஞ்சள் நூல் சுற்றிக் கட்டியிருந்தது.

நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் அந்தச் செடிகளைப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த தாய்ச் செடிகளின் பட்டைப் பார்த்தாள். பட்டு வந்து இரண்டு மூன்று நாளாகியிருந்தது.

"மேஸ்திரியம்மா" என்று கூப்பிட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மேஸ்திரியம்மா வந்தாள். பின்னால் மற்ற பெண்களும் வந்தார்கள்.

"இது இன்னா?"

"சாமிக்கு விட்டது" என்றாள் மேஸ்திரியம்மா. "எந்தக் கொல்லையா இருந்தாலும் இந்த மாதிரி சனிமூலையில, வடகெழக்குல, சாமிக்கு விடுவோம். அறுப்புக்குக் கடைசியாதான் அதுல கை வெப்போம்."

"ஓரத்துல தந்தை வரிசை இருக்குதே, அதுல விட வேண்டியதுதானே?"

"அத அறுப்புக்கு முன்னாடியே வெட்டி மாட்டுக்குப் போட்டுடுவீங்களே. மாட்டுக்குப் போடறதையா சாமிக்கு விடறது? கதிர் நிக்கப் போற செடியிலதான் விடணும்." அவள் குரலில் வருத்தமே இல்லை. எங்களுக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்திருந்தாள். "சாமிக்கு விட்ட செடிய மொட்டையடிக்கக் கூடாதுனுதான் தொடாம விட்டேன்."

எங்கள் கொல்லையில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது. கடலையிலோ கம்பிலோ யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அக்கா வரப்பில் கிடந்த கொடுவாளை எடுத்தாள். "இத இப்பவே வெட்டணும்."

"வெட்டினா இந்தக் கொல்லையில நான் நாளைக்குக் கால் வெக்க மாட்டேன்" என்றாள் மேஸ்திரியம்மா. "இவளுங்களும் வர மாட்டாளுங்க. எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குது."

ஒருத்தி கையிலிருந்த குஞ்சங்களைக் கீழே போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அக்காவின் நிலை எனக்குப் புரிந்தது. வெட்டினால் ஆட்கள் போய்விடுவார்கள். இன்னும் பல நாள் பிடுங்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு ஏக்கரைப் பிடுங்க முடியாது, எல்லாமே கெடும். வெட்டாவிட்டால் இந்த மூலையிலிருந்து மாவு கொட்டிக்கொண்டே இருக்கும், ஆபீசர் வந்தால் தேறாது. அதுவரை காற்று தெற்கேயிருந்து வீசியதால் மாவு பெரும்பாலும் கொல்லைக்கு வெளியே போயிருக்க வேண்டும். அன்று காலை காற்றே இல்லை. எந்த நேரமும் திரும்பலாம்.

அப்போதுதான் பெரியவர் வரப்பில் வந்தார்.

"ஆபீசர் பக்கத்து ஊருல ஒரு கொல்லைய பாத்துக்கினு கீறாராம். அடுத்து இங்கதான். பால்காரன் சொன்னான்." எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு செடிகளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கொடுவாளைக் கீழே வைத்தாள். "மேஸ்திரியம்மா, எனக்கு இந்தக் கொல்லைய விட்டா வேற போக்கில்ல. உனக்கே தெரியும்."

மேஸ்திரியம்மா குனிந்து மஞ்சள் நூலைத் தொட்டுப் பார்த்தாள். "பூ கேட்டுடலாம்" என்றாள். "சாமி உத்தரவு குடுத்தா நானே வெட்டறேன். குடுக்கலைனா தொடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

பம்புசெட் பக்கத்தில் செவ்வரளி இருந்தது. வரப்பில் தும்பை இருந்தது. மேஸ்திரியம்மா இரண்டையும் பறித்து, சோள இலையைக் கிழித்து, தனித்தனிப் பொட்டலமாகச் சுற்றி, இலை நாராலேயே கட்டினாள். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. முந்தானைக்குள் வைத்துக் குலுக்கிச் செடிகளின் அடியில் போட்டாள்.

"யாரு எடுக்கறது?" என்றாள் அக்கா.

"சின்னது எடுக்கட்டும்" என்று மேஸ்திரியம்மா என்னைக் காட்டினாள். "அது வாயே தொறக்காது. சூதுவாது தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என் முதுகில் கையை வைத்து லேசாகத் தள்ளினாள். அவள் கை ஈரமாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். எது கையில் முதலில் பட்டதோ அதை எடுத்தேன். மேஸ்திரியம்மாதான் வாங்கிப் பிரித்தாள்.

செவ்வரளி.

"சாமியே சொல்லிடுச்சி" என்றார் பெரியவர் வரப்பிலிருந்து. "நான் ஒண்ணும் சொல்லலம்மா. சாமி சொல்லிச்சி."

அக்கா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருக்குமோ என்று பயந்து நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது.

ஆபீசர் மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர். பேன்ட்டின் கால்கள் சைக்கிள் செயினில் மாட்டாமல் இருக்கக் கிளிப் போட்டிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு, கிணற்றுப் பக்கத்திலிருந்தே வரிசைக்குள் இறங்கினார். ஒவ்வொரு தாய் வரிசையிலும் நடந்தார், நின்றார், அண்ணாந்து பார்த்தார். அக்கா பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் நான் போனேன். பெண்கள் அங்கங்கே நின்றார்கள். செடிகள் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்றார் நடுவில். ஒவ்வொரு வரிசையாக அந்த மூலை நெருங்கி வந்தது. அவர் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று நான் ஒரு கணம் ஆசைப்பட்டேன். குஞ்சத்தோடு குஞ்சமாக இருக்கிறதே, தந்தை வரிசை என்று நினைத்துப் போய்விட மாட்டாரா?

கடைசி வரிசைகளுக்குப் போகும் முன்பு அக்கா நின்றாள்.

"சார், அந்த மூலையில தாய்ச்செடி கொஞ்சம் குஞ்சத்தோட நிக்குது. மாவு கொட்டிக்கினு இருக்குது. சாமிக்குனு விட்டுட்டாங்க. இன்னிக்குதான் பாத்தோம்."

அவர் போய்ப் பார்த்தார். ஒரு குஞ்சத்தைத் தட்டினார். மாவு பறந்தது. மஞ்சள் நூலையும் பிரிந்து கிடந்த பூவையும் பார்த்தார்.

"வெட்டுங்க. இப்பவே."

"முடியாதுங்க சார்" என்றாள் அக்கா.

"ஏன்?"

"பூ கேட்டாச்சு. வெட்டக்கூடாதுனு வந்துடுச்சி. கேட்டதுக்கு அப்பால மாத்த முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்கம்மா. சாமிச் செடினு எங்க சட்டத்துல ஒண்ணும் கெடையாது. இது நின்னா நான் தேறலைனுதான் எழுதணும்."

"தெரியும் சார்."

"அப்ப எழுதிக்கோங்க சார்" என்றார் பெரியவர். வரப்பிலிருந்து எழுந்து மூலைக்கே வந்துவிட்டிருந்தார். "பேச்சுல சுத்தமா இருக்கணும் பாருங்க. என் தம்பி பொண்டாட்டி அதுல சுத்தம்."

"நீங்க கொஞ்சம் இருங்க பெரியவரே" என்றாள் மேஸ்திரியம்மா. "அவரே இன்னும் எழுதல. உங்களுக்கு இன்னா அவசரம்?"

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கூலிக்கு வந்தவள் அவரிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேஸ்திரியம்மா ஆபீசர் பக்கம் திரும்பினாள். "சார், வெட்டக்கூடாதுனுதான் கேட்டோம். மாவு கொட்டாம இருந்தா போதும், இல்லியா?"

"கொட்டாம எப்படி இருக்கும்?"

"மூடிட்டா?"

அவர் ஒரு குஞ்சத்தின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தார். "எங்க பண்ணையில பேப்பர் பை போட்டுக் கட்டுவோம்" என்றார். "பையி இங்க இல்ல. துணியா இருந்தா நூல் சந்துல போயிடும்." மேஸ்திரியம்மாவின் தலைத்துணியைப் பார்த்தார். "ரெண்டு மூணா மடிச்சி, நனைச்சிக் கட்டினா நிக்கும். காயவே விடக்கூடாது. காஞ்சிதுனா திரும்பவும் பறக்கும். யாராவது கூடவே நின்னு தண்ணி தெளிச்சிக்கினே இருக்கணும். செய்வீங்களா?"

மேஸ்திரியம்மா தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். ஒரே ஒரு துணிதான், பழைய வேட்டியைக் கிழித்தது. "சாமிக்குத் துணி சாத்தறதுக்கு யாரும் பூ கேக்கத் தேவையில்ல" என்று சொல்லிக்கொண்டே வாய்க்காலில் நனைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். ஆளுக்கு ஒரு செடியை வளைத்துப் பிடித்து, குஞ்சத்தின் மேல் ஈரத் துணியைச் சுற்றிக் கட்டினார்கள். ஒருத்தி, "மெதுவாடி, கொட்டாம" என்றாள். வளைத்ததில் கொஞ்சம் கொட்டத்தான் செய்தது. அக்கா தன் முந்தானையைக் கிழித்தாள். எல்லாச் செடிகளுக்கும் துணி வந்தபோது ஒரு சிறு காற்று எழுந்தது. வடக்கேயிருந்து. நாங்கள் அத்தனை பேரும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னிக்கு நான் ஒண்ணும் எழுதல" என்றார் ஆபீசர். "தேறிச்சினும் எழுதல, தேறலைனும் எழுதல. நாளைக்கு வர்றேன். தட்டிப் பாப்பேன். பொடி ஒண்ணு விழுந்தாலும் அவ்ளோதான். மத்த வரிசையிலயும் இன்னிக்கு வந்த குஞ்சம் ஒண்ணுகூட நிக்கக்கூடாது." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பெரியவரும் அவர் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஆபீசர் திரும்பிப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பெண்கள் வெறும் தலையோடு வரிசைக்குள் இறங்கினார்கள். வெயில் ஏறிவிட்டது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. நான் சொம்பும் குடமுமாக மூலையில் உட்கார்ந்தேன். துணி கொஞ்சம் வெளுக்கும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் தெளித்தேன். காற்று வரும், துணி ஆடும், நான் ஓடிப்போய் முடிச்சைப் பிடித்துக்கொள்வேன். மத்தியானம் அக்கா கஞ்சி கொண்டுவந்தாள். ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்தாள். போகும்போது என் தலையில் அவள் கை ஒரு கணம் இருந்தது.

"செவப்பு எடுத்துட்டேன்கா" என்றேன்.

"கையில வந்தத எடுத்த" என்றாள். "அதுக்கு நீ இன்னா செய்வ?"

மாலையில் பெண்கள் கிளம்பும்போது மேஸ்திரியம்மா மூலைக்கு வந்து பார்த்தாள். தலைத்துணி இல்லாததால் அவள் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நாளைக்கு வருவீர்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் வரப்பில் ஏறிப் போய்விட்டாள். இருட்டும்வரை நானும், அதற்குப் பிறகு அக்காவும் தண்ணீர் தெளித்தோம்.

மறுநாள் காலை எட்டுப் பெண்களும் வந்தார்கள். பத்து மணிவாக்கில் ஆபீசர் வந்து துணிகளைத் தட்டிப் பார்த்தார், பொடி விழவில்லை. மூலையைச் சுற்றிப் பட்டு விட்டிருந்த கதிர்களில் அந்த மாவு விழுந்திருக்கும் என்று அவற்றை ஒடித்து மாட்டுக்குப் போடச் சொன்னார். மற்றவை தேறியதாக எழுதிக் கொடுத்தார். பெரியவர் அன்று கொல்லைப் பக்கம் வரவில்லை. கதிர்களை நானும் மேஸ்திரியம்மாவும் ஒடித்துக் கட்டினோம்.